பதினேழாம் நம்பர் சாக்கெட்

ஒரு நல்ல காட்டன் புடவைக்குக் கொடுக்கிற விலையை போல்ட் கழற்றுகிற ஒரே ஒரு சாக்கெட்டுக்குக் கொடுத்தவள் நான். கட்டைவிரல் உயரம், உள்ளே ஆறு பக்கம், வெளியே பதினேழு என்று பொறித்த எண். அவ்வளவுதான். கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள், அங்கே இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டிலேயே தன் வண்டியைத் தானே பிரித்து மாட்டுகிறவளுக்கு இத்தனை விலையில் ஒரு சாமான் தேவையா? தேவை. எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் குழம்பித் திரிந்த காலமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். புடவையை மடியில் விரித்துப் போட்டு, "விலையைப் பாக்காதீங்கமா, ஒரு வாட்டி வாங்கினா உங்க பொண்ணு கட்டும், அது பொண்ணு கட்டும்" என்று அவர் சொல்கிற அழகில் கல்யாண வீட்டார் மயங்கிவிடுவார்கள். அதே வாய் வீட்டுக்கு வந்தால் வேறு பாட்டுப் பாடும். குழாய் வாங்கினாலும் குக்கர் வாங்கினாலும் "இருக்கிறதுலயே கம்மி எதுன்னு கேளு" என்பார். கடையில் பேசிப் பேசிக் களைத்துப்போய் வருகிறார் போலும் என்று விட்டுவிடுவேன்.

வண்டி மட்டும் நான் விட்டுக்கொடுக்காத விஷயம். அது பழைய ஸ்கூட்டர். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் பில் போடும் வேலை எனக்கு. அந்தச் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முப்பது வயதைத் தாண்டித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் மருந்துக் கடைக்குப் போக வேண்டுமென்றாலும் அவர் வரும்வரை காத்திருப்பேன். அம்மா வீட்டுக்குப் போக அவருக்கு லீவு கிடைக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் பட்டுக் கடைக்காரருக்கு லீவு ஏது? ஆடி மாதம் வந்தால்தான் அம்மாவைப் பார்ப்பேன், அப்போதும் தள்ளுபடி விற்பனை என்று ஏதாவது வந்துவிடும். வண்டி கைக்கு வந்த முதல் வாரம் ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரை வரை போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. மணலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்று எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, உண்மையைச் சொன்னால்.

ரிப்பேர் வேலையில் இறங்கியது கோபத்தில். மெக்கானிக் கடைக்கு நான் போய் நின்றால், பிரேக் பிடிக்கவில்லை என்று நான் சொன்னால், அந்தக் கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "சார் வரலையா மேடம்?" சார் வந்து என்ன செய்வார்? அவருக்கு வண்டியில் பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஒருமுறை எதை மாற்றினார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சார்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஏர் ஃபில்டர், பிறகு பிரேக் ஷூ, பிறகு ஆயில் மாற்றுவது. தெருவில் எனக்கு மெக்கானிக்கம்மா என்று பெயர் வந்தது. எதிர்வீட்டு நெசவுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே, "மெக்கானிக்கம்மா, என் தறிக்கும் ஒரு சர்வீஸ் போட்டுடு" என்று சன்னல் வழியாகக் கத்துவார். கத்தட்டும்.

எங்கள் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டியிருப்பார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழை பரந்து கிடக்கும்போது ஆயில் கேனைக் கையில் எடுத்தால் மொத்தத் தெருவும் எழுந்து சண்டைக்கு வரும், வரவும் வேண்டும். ஒரு சொட்டு பட்டால் ஒரு புடவை போச்சு. அதனால் என் வேலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில்தான் நடக்கும். யார் கண்ணிலும் படாத இடம். அதுவே எனக்கும் வசதியாக இருந்தது.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். இது காஞ்சிபுரத்தில் பிறந்தவளால்தான் செய்ய முடியும். ஜரிகை நல்லதா போலியா என்று பார்க்க எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். புடவையைக் கையில் தூக்கினால் கனம் சொல்லும், வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு சொல்லும். கனமாக இருந்தால் நல்ல சரக்கு, ஆழமாக மின்னினால் நல்ல சரக்கு. சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பாரிமுனையில் ஒரு ஸ்பேனர் செட் பார்த்தேன். சிவப்புத் துணி விரித்த பெட்டி. உள்ளே வரிசையாக ரிங் ஸ்பேனர்கள், சாக்கெட்டுகள், ஒரு நீளக் கைப்பிடி, எல்லாம் கண்ணாடி போல மின்னின. தூக்கிப் பார்த்தேன், கை இறங்கியது. பக்கத்திலேயே மங்கலாக, மெலிசாக, ஒன்றுக்கே இந்த மொத்தப் பெட்டியின் விலை சொன்ன சாக்கெட்டுகளும் இருந்தன. அதை வாங்குகிறவன் ஏமாளி என்று மனதுக்குள் சிரித்தேன். பேரம் பேசிப் பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பெருமையோடு ஊர் வந்து சேர்ந்தேன். புடவை பார்க்கிற கண்ணால் இரும்பைப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

இரும்பில் கனம் என்பது பல சமயம் மட்டமான உலோகத்தைத் தடிமனாகப் போட்டு ஒப்பேற்றியது. மின்னுவது மேல் பூச்சு. நல்ல சாமான் மெலிசாக இருக்கும், ஏனென்றால் மெலிசாக இருந்தும் அது விரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, என் விரல் முட்டி கற்றுக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற வண்டிக்கு அடியில் படுத்தேன். ஆயில் வடிக்கிற போல்ட் பதினேழு சைஸ். பளபளப்பு ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், வழுக்கியது. மறுபடி இழுத்தேன். ஸ்பேனரின் வாய் விரிந்து, போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி, என் கை போய் ஸ்டாண்டில் மோதி ரத்தம் வந்தது. தடவிப் பார்த்தால் போல்ட் தலை கோலிக்குண்டு போல உருண்டையாக இருந்தது. 

அந்த போல்ட் வராவிட்டால் பழைய ஆயிலை வடிக்க முடியாது. ஏற்கெனவே மாற்ற வேண்டிய காலம் தாண்டியிருந்தது. இன்னும் ஓட்டினால் இன்ஜின் போய்விடும். மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, இன்ஜின் அடிப்பகுதியையே மாற்ற வேண்டியிருக்கும், பழைய வண்டிக்கு அந்தச் செலவு தண்டம் என்று சொல்லிவிட்டு, "சாரை ஒரு வாட்டி வரச் சொல்லுங்க மேடம், பேசிக்கலாம்" என்றார்.

சார் பேசிவிட்டார். ஆனால் மெக்கானிக்கிடம் இல்லை. அந்த வாரம் நடுவில் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம கடையில கவுண்டர்ல இருக்காரே, அவரு பொண்ணுக்கு வண்டி தேடிக்கினு இருக்காரு. உன் வண்டியச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமை காலைல வந்து எடுத்துக்கினு போவாரு" என்றார்.

"என்னைக் கேக்காமயா?"

"ஓடாத வண்டிக்கு இன்னா கேக்கிறது? போல்ட் மேட்டர்கூட சொல்லித்தான் விலை பேசியிருக்கேன். வாலாஜாபாத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் போவுது."

பஸ் போகிறது, உண்மைதான். மில்லுக்குப் போக பஸ் போதும். நான் அன்று இரவு யோசித்தது மில்லைப் பற்றி இல்லை. மருந்துக் கடை, அம்மா வீடு, ஒரு வேலையும் இல்லாமல் போய் நிற்கிற ஆற்றங்கரை, எல்லாவற்றுக்கும் இனி மறுபடியும் ஒருவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். பயம் வந்தது. அதற்குப் பின்னாலேயே பிடிவாதமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த போல்ட்டைக் கழற்றுவது, வண்டி ஓடாது என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்வது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழுங்கிய போல்ட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். என் ஸ்பேனர் போல்ட்டின் மூலைகளைப் பிடிக்கிற ரகம். மூலை போனால் பிடிமானம் போச்சு. பக்கங்களைத் தட்டையாக அணைத்துப் பிடிக்கிற ஆறு முனை சாக்கெட் என்று ஒன்று உண்டு, அளவு இம்மி பிசகாமல் செய்தது, அதனால்தான் விலை. செட்டாக வாங்க என்னால் முடியாது, எனக்குத் தேவையும் இல்லை. பதினேழு மட்டும் ஒன்று போதும். ஆர்டர் போட்டேன். சனிக்கிழமை வரும் என்று காட்டியது.

விலையைப் பார்த்துவிட்டு அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "விக்கப்போற வண்டிக்கு இது தேவையா? உனக்கு மரை கழண்டுபோச்சா?"

"ஒரு வாட்டி வாங்கினா என் பொண்ணு கட்டும், அது பொண்ணு கட்டும்" என்றேன். எங்களுக்கு இருப்பது ஒரே பையன், அவனும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் கூரியர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, உள்ளே கால் வைக்கப் போனேன். மாமியார் வாசல்படியில் கையை விரித்து நின்றார். "சனிக்கெழமையும் அதுவுமா இரும்ப வூட்டுக்குள்ள எடுத்துக்கினு வர்றியா? நாளைக்கு உள்ள வரட்டும்."

சனிக்கிழமை இரும்பும் எண்ணெயும் வாங்கி வரக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத சட்டம். ஒருமுறை சனிக்கிழமை வாங்கி வந்த தோசைக்கல்லை ஞாயிறு விடியும் வரை தெருவிலேயே வைத்திருந்தவர் அவர். அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. நாளை காலை ஆள் வந்துவிடுவார் என்று சொன்னேன். கெஞ்சுகிற குரல்தான், எனக்கே பிடிக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள வந்தாத்தானே வாங்கினதா ஆவும்? வெளியவே வெச்சுக்கினு வேலையப் பாரு" என்றார்.

பின்சந்துக்கு வீட்டுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அதனால் வண்டியை முன் தெருவுக்குக் கொண்டு வந்தேன். பாவெல்லாம் சுருட்டி எடுத்துப் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் செய்த வேலையை நடுத்தெருவில், பட்டப்பகலில், சாக்கு விரித்துப் படுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. சன்னலில் முகம் தெரிந்தது. அடுத்த வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தோடு வந்து நின்றார். முதலில் கூச்சமாக இருந்தது. போல்ட்டைத் தொட்டதும் கூச்சம் போய்விட்டது.

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கினேன். போல்ட் தலையில் ஒட்டியிருந்த பிசுக்கைப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தம் செய்தேன். சாக்கெட்டை வைத்தால் மேலேயே நின்றது, மழுங்கிய தலையில் ஏறவில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் அது 'ணங்' என்று உட்கார்ந்தது. கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. என் பளபளப்பு செட்டில் எந்த ஸ்பேனரும் எந்த போல்ட்டிலும் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அந்த இடத்திலேயே விலையைப் பற்றிய கேள்வி எனக்கு முடிந்துவிட்டது, போல்ட் இன்னும் வரவில்லை என்றாலும்.

கைப்பிடி என்னவோ அந்த மட்டமான செட்டில் இருந்ததுதான். அதில் ஒரு பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டைச் சொருகி நீளமாக்கினேன். இழுத்தால் போல்ட் அசையவில்லை, மொத்த வண்டியும் ஆடியது.

"அத்தை, மேல ஏறி உக்காருங்க" என்றேன்.

வண்டி வாங்கிய நாளிலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டும் அதன் பின்சீட்டில் ஏறாதவர் அவர். விழுந்து எலும்பை உடைத்துக்கொள்ள மாட்டேன் என்பார்.  அன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முறத்து அம்மாவின் தோளைப் பிடித்து, ஏறி உட்கார்ந்தார். நல்ல கனமான உடம்பு. வண்டி அடங்கியது. நான் அடியில் படுத்து இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. விடவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, மேலே இருந்து "அம்மா காமாச்சி!" என்று ஓர் அலறல். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கைப்பிடி சுலபமாகத் திரும்பியது. போல்ட் வந்துகொண்டிருந்தது.

அழுதேன். நடுத்தெருவில் மல்லாந்து கிடந்து, முகத்தில் கரியோடு அழுதேன். கறுப்பு ஆயில் தட்டில் வழிவதைப் பார்த்து எந்தப் பெண்ணாவது அழுதிருப்பாளா தெரியாது. புது போல்ட்டும் வாஷரும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அளவாக முறுக்கி, புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் அணையாமல் சீராக ஓடியது. எதிர்வீட்டுக்காரர் சன்னலில் இருந்து, "என் தறியச் சொன்னேனே, அது சும்மா சொன்னதில்ல மெக்கானிக்கம்மா" என்றார்.

இதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. ஞாயிறு காலை காபியை உறிஞ்சிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார். "போல்ட்டு வந்துடுச்சாமே. தெருவெல்லாம் அதே பேச்சு. நல்லதாப் போச்சு. இப்ப ஒரு ரெண்டாயிரம் ஏத்திக் கேக்கலாம்."

நான் என்ன நினைத்திருந்தேன்? போல்ட்தான் பிரச்சினை, அது வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று. அவருக்கு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது விற்கிற சரக்கு. நான் தோள் வலிக்க இழுத்தது சரக்குக்கு மெருகு போட்டதாகிவிட்டது. பதில் சொல்லத் திரும்பினேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கவுண்டர்காரர் வந்துவிட்டார்.

நல்ல மனிதர்தான் அவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். "போல்ட் ஏதோ கெட்டுப்போச்சுன்னு சொன்னாரே?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் படியிறங்கி வண்டிக்கும் கவுண்டர்காரருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"சரி பண்ணிட்டேங்கண்ணா. ஆனா விக்கிறதுக்குப் பண்ணல. இந்த வண்டி விக்கிறதுக்கு இல்ல."

"இன்னா நீ, பேசி முடிச்ச எடத்துல" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க பேசினீங்க. கடையில இருக்கிற புடவைய வித்துக்குங்க, அது கடைச் சரக்கு. இது என் காலு. என் கால விக்க உங்களுக்கு யாரு சொன்னது?"

கத்தவில்லை. தெருவுக்குக் கேட்கும் அளவுக்கும் சொல்லவில்லை.  கவுண்டர்காரர் தர்மசங்கடமாகச் சிரித்து, "பரவால்லமா, வூட்ல பேசி ஒரு முடிவு பண்ணுங்க" என்றார்.

"முடிவு பண்ணியாச்சுங்கண்ணா. காபி சாப்ட்டுட்டுப் போங்க."

அவர் குடித்துவிட்டுத்தான் போனார். என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் கடையில் அந்த மனிதர் பக்கத்தில்தான் இவர் நிற்க வேண்டும். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்காக வண்டியைக் கொடுக்க என்னால் முடியாது என்பதும் தெளிவாக இருந்தது.  மாமியார் வாசலில் இரவெல்லாம் கிடந்த சாக்கெட்டை எடுத்து, புதுப் புடவை ஓரத்தில் வைப்பது போல அதன் விளிம்பில் மஞ்சள் வைத்து உள்ளே கொண்டு போனார். ஞாயிறு பிறந்துவிட்டதல்லவா.

என்னைக் கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். சுத்தியலுக்குக் காசை இறைக்காதீர்கள், எந்தச் சுத்தியலும் அடிக்கும். கைப்பிடி மட்டமாக இருந்தால் குழாய் சொருகிக்கொள்ளலாம். போல்ட்டைத் தொடுகிற சாமானில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெட்டி பெட்டியாகவும் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் எந்த அளவு அடிக்கடி வருகிறதோ அந்த ஒன்றை நல்லதாக வாங்குங்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், முக்கியமாக நீங்கள் காஞ்சிபுரத்துக்காரராக இருந்தால்.

என் வீட்டுக்காரர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன், அம்மாவைப் பார்க்கவும் ஒருமுறை போய் வந்தேன். போன வாரம் போனில் மறுபடியும் சாக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எது?"

"பன்னெண்டு. சைலன்சர் போல்ட்டுக்கு."

"எவ்ளோ ஆவும்?"

"நான் உங்களக் கேக்கல."

சொல்லிவிட்டு ஆர்டர் போட்டேன்.